ஓரம் வெட்டும் ராத்தா

என் முகத்தை என்னைக் கேட்காமல் திருத்தியவர் ராத்தா. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவருடைய பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தேன். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை. சில நேரம் எனக்கே அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருக்கும்.

கற்பிட்டி டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்ட, அந்த ஸ்டூடியோ இருந்தது. முன்பக்கம் கண்ணாடி அலுமாரியில் கல்யாண அல்பங்களும் பிரேம் போட்ட பிள்ளைகளின் படங்களும். நடுவில் படம் பிடிக்கிற அறை. பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று. அங்கே ஒரு கொம்பியூட்டர், ஒரு மேசைக் காற்றாடி, ராத்தா. இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடமாகியிருந்த காலம் அது. எங்கள் கண்டக்குழிக் கரையில் தோணிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடத் தொடங்கியிருந்தார்கள். மன்னாரிலிருந்து வந்து முகாம்களில் இருந்த சனம் ஊருக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று கதைத்துக்கொண்டிருந்தது.

அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிட்ட அவரும் மன்னார்ப் பக்கத்து ஆள்தான். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரோடு கிளம்பி வந்த சின்னப் பிள்ளை. பாலாவிக்குக் கிட்ட ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, யாரோ நடத்திய இலவச வகுப்பில் கொம்பியூட்டர் பழகியவர். கல்யாணம் ஆகவில்லை. தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். கறுப்பு அபாயா, தேய்ந்த செருப்பு, எப்போதும் நிலத்தைப் பார்த்து நடக்கிற நடை. ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவோம். அவர் தன் பின்னறையில் இப்படி ஒருவர் இருப்பதை வாடிக்கையாளர்களிடம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

ராத்தாவின் வேலைக்குக் கடையில் ஓரம் வெட்டுவது என்று பெயர். ஒரு படத்திலிருந்து ஒருவரை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவரைச் சுற்றிக் கோடு போட வேண்டும். சதுரமாகவோ வட்டமாகவோ கோடு போட மவுஸை ஒருதரம் இழுத்தால் போதும். மனிதர்கள் அந்த வடிவத்தில் இருப்பதில்லை. காது இருக்கும், காற்றில் பறக்கிற தலைமயிர் இருக்கும், இடுப்பில் ஊன்றிய கை இருக்கும். அதற்குக் கையாலேயே வரைய வேண்டும். அழுத்திய விரலை எடுக்காமல், மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஆளின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வர வேண்டும். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததும் அந்தக் கோடு புள்ளி புள்ளியாக ஓடத் தொடங்கும். ‘எறும்பு ஓடுது’ என்போம். பிறகு கூட்டல் கழித்தல். இடுப்புக்கும் ஊன்றிய கைக்கும் நடுவில் தெரிகிற வானத்தைத் தனியாகச் சுற்றிக் கழிக்க வேண்டும். விட்டுப்போன காதுமடலைத் தனியாகச் சுற்றிக் கூட்ட வேண்டும்.

இந்த வேலையைச் செய்தவர், முகம் பார்த்துக் கதைக்கக் கூசுகிற ஒரு பெண். ராத்தாவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

அவருக்கு வெட்கம் வரும். தனக்காக வருவது குறைவு, மற்றவர்களுக்காக வரும். முன்கடையில் நானா யாரிடமாவது, “நானே ரெண்டு நாளா இருந்து செஞ்ச வேல இது” என்று படத்தைத் தூக்கிக் காட்டினால், பின்னறையில் ராத்தாவின் முகம் சிவந்துவிடும். பொய் சொன்னவர் வெற்றிலை மென்றுகொண்டு சிரிப்பார். இவர் எழுந்து பின்வாசலுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். வெட்கம் வந்தால் தண்ணீர் குடிப்பது அவர் பழக்கம். உங்களுடைய வேலையைத் தன்னுடையது என்கிறாரே, கோபம் வரவில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

“கோவமில்ல தங்கச்சி,” என்றார். “பொய் சொல்லக்குள்ள மனிசர்ர முகம் ஒரு மாதிரிப் போகும். அத நான் கண்டுட்டன் எண்டு அவருக்குத் தெரிஞ்சா அவர் எங்க போவார்?”

ஆண்களின் படத்தை வெட்டும்போது திரையில் ஆள் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வார். கழுத்தும் தாடியும் மறைந்து, பழுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும் நிற்கும். அந்தக் கட்டங்களின் ஓரமாக ஊர்ந்து போவார். அப்படிச் செய்தால் நேரம் அதிகம் போகும் என்று நானா ஏசுவார். ராத்தா கேட்டுக்கொண்டு இருப்பார், மாற்றிக்கொள்ள மாட்டார். அந்நிய ஆணின் காதையும் கழுத்தையும் விரலால் தடவுவதுபோல இருக்கிறது, கட்டமாக்கினால் அது ஆளில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விவாகரத்தான ஒரு பெண் தன் படத்தோடு வந்தாள். கணவனை எடுத்துவிட வேண்டும்; பிள்ளையும் அவளும் மட்டும் இருக்க வேண்டும். பிள்ளை அவன் மடியில் இருந்தது, அவன் கை பிள்ளையின் வயிற்றைச் சுற்றியிருந்தது. கையை எடுத்தால் அந்த இடத்தில் சட்டை இருக்காது. ராத்தா சட்டையின் பூக்களை வேறு இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வைத்து மூடினார். முடிந்த படத்தைப் பார்த்த பெண் சந்தோஷப்பட்டு, அவனைப் பற்றித் திட்டித் திட்டிக் கதைத்தாள். சிரித்தாள். சிரிப்பு எங்கே போய் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அழத் தொடங்கும் முன்பே எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லாமல் எழுந்து போகிறாரே என்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஆத்திரம். அழுகிறதை ஓர் ஆள் குறைவாகப் பார்க்கட்டும் என்பதுதான் அவர் செய்த ஆறுதல் என்பது விளங்க எனக்குக் காலம் எடுத்தது.

மாம்புரியிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வந்தது. தகப்பன் கடலில் போனவர், உடம்பு கிடைக்கவில்லை. வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும். இருந்த ஒரே படத்தில் நாலு பேரோடு தோணியில் நிற்கிறார். தோளில் போட்டிருந்த வலை முகத்தின் பாதிக்கு முன்னால் விழுந்திருந்தது. கழுத்துக்கு மேலே சதுரமாக வெட்டிப் பெரிதாக்கித் தந்தால் போதும் என்று நானா அனுப்பப் பார்த்தார். ராத்தா அந்த வலையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சுற்றிக் கோடு போட்டார். கண்ணுக்குள் தெரிகிற முகம் வேறு, நூல் வேறு. நாள் கணக்காகப் போனது. நூலை எல்லாம் எடுத்து முகத்தை முழுதாக்கிய பிறகு அவருடைய மனைவியைக் கூப்பிட்டார். அவள் திரையைப் பார்த்தாள். மகனின் பக்கம் திரும்பினாள். மெதுவாக, “அப்பாட தலமயிர் இப்பிடித்தான் நிக்கும்” என்றாள். அதைப் பிறகு ராத்தா ‘வாப்பாட தலமயிர்’ என்று எங்கள் பேச்சுக்கு மாற்றித் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பாவுக்குப் படமே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி என் விசயத்துக்கு வருகிறேன்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு என்மேல் சரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம் முழுவதும், தாடையைத் தாண்டிக் கழுத்துவரைக்கும் தோல் சுருங்கி இழுபட்டது. வளர வளர அதுவும் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சால்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பேன். பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவேன். இடது கன்னம் வெளியே போய்விடும், உள்ளே இருப்பவர்களுக்கு வலது கன்னம். வலது கன்னம் நல்ல கன்னம். அது என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன், மற்றது யாருடையதோ.

வாப்பா மௌத்தான பிறகு எங்களுக்கு எல்லாம் மாமாதான், உம்மாவின் தம்பி. அவர்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. வீடு புத்தளம் டவுனில். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சால்வையை விலக்கி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “இதென்ன பெரிய விசயமா, புள்ள நல்ல புள்ள” என்று சொல்லி என்னை அணைத்துக்கொண்டார். நான் அவரை அன்றே மாமி என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அந்தக் கிழமையே மாமா என்னைக் கற்பிட்டி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். நானா படம் பிடித்தார். முகத்தைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பச் சொன்னார். எப்படியும் தெரியத்தானே போகிறது என்று நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நேராகப் பார்த்துப் பிடித்த முதல் படம் அதுதான். பின்னறையில் ஒருவர் இருந்ததை நான் அன்று காணவில்லை.

பிறகு மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் என் உம்மாவின் போனுக்குக் கோல் எடுக்கத் தொடங்கினார். முதல் நாளே, “போட்டோவப் பாத்தேன். எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கி” என்றார். என்னத்தைப் பிடித்தது என்று கேட்டேன். முகம்தான் என்றார். அந்த முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்னது அதுவரைக்கும் நடந்ததில்லை. ஏழெட்டு மாதம் கதைத்தோம். காயத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருடைய பெரிய மனது என்று நினைத்தேன். அந்த மாதங்களில் சால்வையைக் கடிப்பதை விட்டேன். கரைக்குப் போய்க் கருவாடு காயப்போடுகிற இடத்தில், காற்றில், முகத்தை மூடாமல் நின்றேன். பஸ்ஸில் கிடைத்த இடத்தில் இருந்தேன். ஊரில் ஒரு கிழவி என்னை நிறுத்தி, உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது மகள் என்றாள்.

அவர் லீவில் வந்தார். வந்த கையோடு தன் உம்மாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மூடாத முகத்தோடு, சிரித்துக்கொண்டு, முன்னறைக்குப் போனேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு மறுபடி என்னை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பதறிப்போய்க் கேட்டார்.

“இது எப்ப பட்டது?”

“நாலு வயசுல” என்றேன்.

அவர் தன் உம்மாவைப் பார்த்தார். அந்த மனிசி என் கன்னத்தைத் தொட்ட அதே கையால் தன் முந்தானையைத் திருத்திக்கொண்டு, “எங்களுக்கு இப்படி ஒண்டும் சொல்லல்ல. போட்டோவுல இது இல்ல” என்றார். உம்மா மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

நான் உள்ளே போய்ச் சால்வையை எடுத்து முகத்தை மூடினேன். அவர் பார்த்தது பெரிதில்லை. ஏழெட்டு மாதம் ஊரெல்லாம் அந்த முகத்தைத் திறந்துகொண்டு திரிந்தேனே, அதை நினைத்துத்தான் உடம்பு கூசியது. ஊரில் யாரோடெல்லாம் சிரித்துக் கதைத்தேன் என்று ஒவ்வொருவராக ஞாபகம் வந்தது.

ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் எங்கள் பள்ளிவாசல் பெரியவர்களிடம் முறையிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் பெரியவர்கள் கூடினார்கள். மாப்பிள்ளையும் அவர் உம்மாவும் வந்தார்கள். நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால். மாமி முன்பே வந்து என் கன்னத்தைத் தொட்டதை உம்மா சொன்னார்; சால்வை மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றார் மாமி. மாமாவிடம் கேட்டபோது, ஸ்டூடியோக்காரர்கள் தாங்களாகச் செய்துவிட்டார்கள், எனக்குத் தெரியாது என்றார். அது பொய் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பிள்ளையும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கும், இத்தனை மாதம் போனில் கதைத்தும் சொல்லவில்லையே என்றார்.

அப்போதுதான் வாசலில் ஒரு கறுப்பு அபாயா வந்து நின்றது. மாமா காலையில் ஸ்டூடியோவுக்குப் போய், பழியை ஏற்றுக்கொள்ளும்படி நானாவைக் கெஞ்சியிருக்கிறார். பின்னறையில் இருந்த ராத்தா அதைக் கேட்டுவிட்டு, மத்தியானம் பஸ் ஏறிக் கண்டக்குழிக்கு வந்திருக்கிறார். வீடு எது என்று வழியில் விசாரித்து விசாரித்து. பெண்கள் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே போங்கள் என்றார்கள். அவர் போகவில்லை. வாசற்படியிலேயே நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“போட்டோவத் திருத்தினது நான். திருத்தச் சொல்லி இந்தப் புள்ளட மாமாவும், மாப்பிள்ளட உம்மாவும் ஒண்டா வந்தாங்க. மாமி எனக்குப் பக்கத்துல இருந்து, இதுல இருந்து இதுவரைக்கும் எண்டு விரலால காட்டித் தந்தாங்க. புள்ளைக்குத் தெரியுமா எண்டு நான் கேட்டன். தெரியும் எண்டு சொன்னாங்க.”

மாமி அப்படி இல்லை என்றார். ராத்தா பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, நானா பிடித்த உண்மைப் படத்தை வெளியே எடுத்தார். மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து மற்றப் படம் வந்தது. இரண்டும் கை மாறிக் கை மாறிப் போயின. ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தார். இன்னொருவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். திரையின் இடைவெளியால் எனக்குத் தெரிந்தது அவர்களுடைய விரல்கள் மட்டும்தான்.

மாப்பிள்ளை தன் உம்மாவிடம், “நீங்க போனீங்களா, உம்மா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மாமி முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்தினார். நேரில் வந்து பழகினால் மகனின் மனது மாறும் என்று நம்பியிருப்பார் போல. இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. மகன் எழுந்து வெளியே வேனுக்குப் போனார். மாமியும் பின்னால் போனார். பிள்ளைமேல் பிழை இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு எழும்பினார்கள். உம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ராத்தாவின் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸிலிருந்து வெயிலில் நடந்து வந்த வியர்வை கன்னத்தால் வழிந்துகொண்டிருந்தது. நான் சொன்னது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

“எண்ட முகத்த வெட்டக்குள்ளயும் நீங்க என்னக் கேக்கல்ல. இத்தின ஆம்புளையளுக்கு எடுத்துக் காட்டக்குள்ளயும் கேக்கல்ல. நான் உள்ளதானே இருந்தேன்.”

உம்மா என்னை அடக்கப் பார்த்தார். ராத்தாவிடம் தண்ணீர் தரட்டுமா என்று கேட்டார். ராத்தா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனார். அவர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவு தாகம் முகத்தில் தெரிந்தது.

சில மாதம் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. பிறகு ஒருநாள், அந்தப் படங்கள் இன்னும் அந்தக் கொம்பியூட்டரில்தானே இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமே என்ற நினைப்பு வந்தது. வந்த பிறகு போகவில்லை. சால்வையை இழுத்து மூடிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும் கதைக்கச் சங்கடப்பட்டு, பின்னறையைக் கையால் காட்டினார்.

ராத்தா எழுந்து நின்றார். அழிக்க வேண்டும் என்றேன். மேசை லாச்சியைத் திறந்து முதலில் ஓர் உறையைத் தந்தார். அன்றைக்குக் கை மாறிய இரண்டு படங்களும் அதில் இருந்தன. மாப்பிள்ளையிடம் இருந்த படத்தைக் கேட்டு அவர் புத்தளத்துக்கே போயிருக்கிறார். முதல் தரம் கேற்றைத் திறக்கவில்லை, மறுபடி போய் வாங்கியிருக்கிறார். அதை நானாதான் பின்னொரு நாள் எனக்குச் சொன்னார். ராத்தா, “இதுக்கு மேல வெளிய ஒண்டும் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

பிறகு கொம்பியூட்டரில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். திருத்திய படத்தை நான் கிட்டப் பார்த்தது அப்போதுதான். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் விரல்களைத்தானே பார்த்தேன். நேராகப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். இரண்டு கன்னமும் ஒன்றுபோல. நெற்றியிலிருந்து ஒரு மயிரிழை இறங்கி இடது கன்னத்தில் விழுந்திருந்தது. அது என் மயிர்தான். அந்த இழையை விட்டுவிட்டு, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காயத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்திருந்தார். எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று எனக்கே தெரியவில்லை.

அழிப்பதற்காக ராத்தா மவுஸைக் கொண்டுபோனார்.

“கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அழிக்கத்தானே வந்தேன். ராத்தா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து போகவில்லை. தன் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“நான் பாக்கல்ல. நீங்க பாருங்க, தங்கச்சி.”

பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. முன்கடையில் யாரோ பாஸ்போட் போட்டோவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டாரிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை தோறும் இவளோடுதான் கதைத்திருக்கிறார். எனக்கு இவள்மேல் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டே ராத்தா மெதுவாகச் சொன்னார். “அதுல வேற யார்ர தோலும் இல்ல. ஒங்கட மத்தக் கன்னத்தத்தான் எடுத்துப் புரட்டி வச்சன்.”

கொஞ்ச நேரம் போய், “பாத்து முடிஞ்சுதா?” என்றார்.

“ஓம்.”

“நான் அழிக்கவா, நீங்க அழிக்கிறீங்களா?”

“நான்” என்றேன். எந்தப் பட்டன் என்று காட்டித் தந்துவிட்டு, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திருத்திய படத்தை முதலில் அழித்தேன். பிறகு மற்றதை.

வெளியே வந்தபோது நானா, கவுண்டருக்கு ஓர் ஆள் வேண்டும், எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளை, விருப்பமென்றால் வரச் சொல்லி உம்மாவிடம் கேள் என்றார். ராத்தா கேட்கச் சொன்னாராம். அடுத்த மாதத்திலிருந்து போனேன்; கவுண்டரில் ஆள் வராத நேரமெல்லாம் பின்னறையில் ராத்தாவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ராத்தாவின் அறையில் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது: முகத்தில் கை வைக்கச் சொல்லி யார் வந்தாலும், படத்தில் இருக்கிற ஆள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் செய்ய மாட்டார். நானா சத்தம் போட்டுப் பார்த்தார், சில வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பிக்கு மன்னாரில் வீடு கட்டக் காணி சரிவந்து ராத்தா அவர்களோடு போய்விட்டார். போகும்போதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஸலாம் சொன்னார்.

படங்களை அழித்த அன்றைக்குக் கண்டக்குழிக்குத் திரும்பிய பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தது. வீடு வரும்வரை அழுதேன். இரண்டாவதாக அழித்தது என் சொந்த முகம். அதற்காக ஒரு சொட்டும் வரவில்லை. அழுததெல்லாம் முதலாவதாக அழித்த படத்துக்காக. இரண்டு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தும் அதை ராத்தாவிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.